திரை அணைந்த பின் கரையும் சார்ஜ்

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் மின்சாரம் திரும்பி வர நாள்கணக்கில் ஆயிற்று. படகு கேட்கவும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நலமாக இருக்கிறோம் என்று சொல்லவும் கைப்பேசியை விட்டால் வழியில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஒரு விஷயம் நமக்கு உறைக்கிறது. போனைத் தொடாமல் ஓரமாக வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரவு 60 சதவீதத்தோடு வைத்த போன் காலையில் 45 காட்டுகிறது. பார்க்காத, பேசாத நேரத்தில் அதைச் செலவழித்தது யார்?

நம்மிடையே இதற்குப் புழங்கும் விடை ஒன்றுதான்: "பின்னாடி ஆப் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும், க்ளியர் பண்ணிடு." கடைசியாகத் திறந்த செயலிகளின் வரிசையை எடுத்து, ஒவ்வொன்றாக மேலே தள்ளி வெறுமையாக்குவது பலருக்குக் கை தானாகச் செய்யும் வேலையாகிவிட்டது. கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் அளந்து கண்டதையும், கூகுளும் ஆப்பிளும் செய்துகொண்ட மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் பிரச்சினையின் வேரைத் தொடவே இல்லை என்பது தெரியும். வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

அளவிலிருந்தே தொடங்கலாம். இன்றைய சாதாரண ஆண்ட்ராய்டு போனில் 5,000 மில்லியாம்பியர் மணி பேட்டரி இருக்கிறது. ஆற்றலாகச் சொன்னால் ஏறத்தாழ 19 வாட் மணி. போன் ஆழ்ந்து உறங்கி 20 மில்லிவாட் மட்டும் இழுத்தால், கணக்குப்படி அது 40 நாள் தாங்க வேண்டும். அதே போன் திரையை மட்டும் அணைத்துவிட்டு, ப்ராசசர் விழித்தபடி 300 மில்லிவாட் இழுத்துக்கொண்டிருந்தால் மூன்று நாள்கூடத் தாங்காது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். திரை கறுப்பாக இருக்கிறது. பின்னணிச் செயல்பாட்டைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவே நடப்பது. போன் எவ்வளவு நேரம் உண்மையாகவே உறங்குகிறது? யார் அதை எழுப்புகிறார்கள்? எதற்காக?

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகக் குழு 2015 இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் பார்த்தது. பல நாடுகளில் மக்கள் அன்றாடம் பயன்படுத்திய சுமார் 2,000 சாம்சங் கேலக்ஸி எஸ்3, எஸ்4 போன்களின் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளில் செலவாகும் மொத்த ஆற்றலில் 46 சதவீதம் அளவுக்குத் திரை அணைந்திருக்கும் நேரத்திலேயே போய்விடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அன்றைய போன்களும் அன்றைய ஆண்ட்ராய்டும் இன்று இல்லை. ஆகவே அந்த எண்ணை இன்றைய போனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் நாம் பார்க்காத நேரத்துச் செலவு சில்லறைச் செலவு இல்லை என்பதை அது நிறுவிவிட்டது.

அந்தச் செலவின் உள்ளே போனால் முதலில் நிற்பது ரேடியோ. 2009 இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த மூவர், நிரஞ்சன் பாலசுப்ரமணியன், அருணா பாலசுப்ரமணியன், அருண் வெங்கடரமணி, 3ஜி போன்களின் மின்செலவை அளந்தார்கள். ஒரு சிறு தகவலை இறக்கி முடித்த பிறகும் ரேடியோ உடனே அடங்குவதில்லை. அடுத்த தகவல் வந்தாலும் வரலாம் என்று பல வினாடிகள் உயர்மின் நிலையிலேயே காத்திருக்கிறது. வழக்கமான ஒரு பரிமாற்றத்துக்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதம் இந்த வெற்றுக் காத்திருப்பில் போவதை அவர்கள் காட்டினார்கள். பிறகு 4ஜி வந்தபோது செய்த அளவீடுகளிலும் இந்தக் காத்திருப்பு 11 வினாடிக்கு மேல் நீண்டது. ஒரு டம்ளர் காப்பிக்காக விறகடுப்பை மூட்டினால், காப்பி இறங்கிய பிறகும் தணல் எரிந்துகொண்டே இருக்குமே, அந்தச் செலவு இது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வரி தகவல் கேட்கும் செயலி, அரை மணிக்கு ஒருமுறை மொத்தமாக ஒரு படத்தை இறக்கும் செயலியைவிட அதிகம் செலவு வைப்பதற்குக் காரணம் இதுதான். எத்தனை எம்பி இறங்கியது என்பதைவிட எத்தனை தடவை தட்டி எழுப்பியது என்பதே கணக்கு. பத்து செயலிகள் பத்து வெவ்வேறு நேரத்தில் எழுப்பினால் தணல் அணையவே வழியில்லை.

சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் இதே செலவு இன்னும் ஏறும். தூரத்துக் கோபுரத்தை எட்ட ரேடியோ கூடுதல் வலுவோடு அனுப்ப வேண்டியிருக்கிறது. தவறிய தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பவும் வேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் பேருந்துப் பயணம் முடிவதற்குள் பேட்டரி பாதியாவது இதனால்தான்.

அடுத்தது விழிப்புப் பூட்டு. போன் உறங்கிவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தும் உரிமையை ஆண்ட்ராய்டு செயலிகளுக்குத் தந்திருக்கிறது. நிரலாளர்கள் இதை வேக்லாக் என்பார்கள். ஒரு கோப்பை இறக்கி முடிக்கும்வரை போன் தூங்கக் கூடாது என்றால் பூட்டைப் போட வேண்டும். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நடுவில் ஒரு பிழை நேர்ந்து, எடுக்கும் வரியை நிரல் எட்டாமலே போய்விட்டால் போன் விடிய விடிய விழித்திருக்கும். 2012 இல் அதே பர்டூ குழு இந்தப் பிழைகளைத் தனி வகையாகவே ஆராய்ந்து எழுதியது. பரவலாகப் பயன்பட்ட செயலிகளிலும் இவை இருந்தன. அதே ஆண்டில் அவர்களுடைய இன்னொரு ஆய்வு, இலவசச் செயலிகளின் உள்ளே எந்தப் பகுதி எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்று பிரித்துப் பார்த்தது. ஆங்ரி பேர்ட்ஸ் விளையாட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று. ஆய்ந்த இலவசச் செயலிகளில் 65 முதல் 75 சதவீத ஆற்றல், மூன்றாம் தரப்பு விளம்பரப் பகுதிகளுக்கே போனது. இலவசம் என்று நாம் நினைத்ததன் விலையைப் பேட்டரி கட்டிக்கொண்டிருந்தது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் கோபப்படுத்திய எண் இது.

இயங்குதளங்கள் இதற்கு என்ன செய்தன? ஆப்பிளும் கூகுளும் எதிரெதிர் முனைகளிலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஐபோனில் தொடக்கத்தில் வெளியார் செயலிகளுக்குப் பின்னணியில் ஓடும் உரிமையே கிடையாது. பேட்டரி கெடும் என்று 2008 இல் வெளிப்படையாகவே சொன்ன ஆப்பிள், மாற்றாகப் புஷ் நோட்டிபிகேஷன் என்ற வழியை அறிவித்து 2009 இல் கொண்டுவந்தது. ஒவ்வொரு செயலியும் தன் சர்வரைத் தனித்தனியே தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; போனுக்கும் ஆப்பிளுக்கும் நடுவே ஒரே ஒரு இணைப்பு இருக்கும், எல்லாச் செய்தியும் அதன் வழியே வரும். 2010 இல் பாட்டு, இணைய அழைப்பு, இருப்பிடம் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் கதவு திறந்தது. 2013 இல் பின்னணிப் புதுப்பிப்பு வந்தது. அப்போதும் எப்போது புதுப்பிப்பது என்பதைப் போனே தீர்மானித்தது.

ஆண்ட்ராய்டு எல்லாக் கதவையும் திறந்து வைத்துத் தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாகச் சாத்தியது. 2015 இல் ஆண்ட்ராய்டு 6 டோஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. போன் சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் செயலிகளின் இணைய வழி நிறுத்தப்படும், விழிப்புப் பூட்டுகள் மதிக்கப்படாது, வேலைகள் எல்லாம் சேர்த்துவைக்கப்பட்டு அவ்வப்போது திறக்கும் சிறு இடைவெளியில் ஒன்றாக முடிக்கப்படும். அந்த இடைவெளிகளும் நேரம் போகப் போக அரிதாகும். 2009 ஆய்வு சொன்ன நோய்க்கு நேர் மருந்து இது. எழுப்புவதை ஒழிக்க முடியாது, ஒரே நேரத்தில் சேர்த்து எழுப்பலாம். 2017 இல் ஆண்ட்ராய்டு 8, பின்னணிச் செயலி ஒரு மணி நேரத்தில் ஒரு சில தடவை மட்டுமே இருப்பிடத்தைப் பெற முடியும் என்று வரம்பு கட்டியது. 2018 இல் ஆண்ட்ராய்டு 9 செயலிகளை நாம் பயன்படுத்தும் அளவை வைத்துத் தரம் பிரித்தது. அடிக்கடி திறப்பவற்றின் வேலை 2 மணி நேரம் வரையும், இடையிடையே திறப்பவற்றின் வேலை 8 மணி நேரம் வரையும், எப்போதாவது திறப்பவற்றின் வேலை 24 மணி நேரம் வரையும் தள்ளிப்போடப்படலாம். எந்தச் செயலியை அடுத்துத் திறப்போம் என்று கணிக்கும் பகுதியை டீப்மைண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து கூகுள் உருவாக்கியது.

ஆக, வரிசையிலிருந்து கையால் தள்ளும் வேலையைப் போன் ஏற்கெனவே நம்மைவிட நுட்பமாகச் செய்துகொண்டிருக்கிறது. வரிசையில் தெரியும் செயலிகளில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருப்பவையும் அல்ல. நினைவகத்தில் உறைந்த நிலையில் கிடப்பவை. அங்கே கிடப்பதற்கென்று கூடுதல் மின்சாரம் செலவாவதில்லை. அவற்றைத் தள்ளிவிட்டு மறுபடி திறந்தால், முழுச் செயலியையும் சேமிப்பகத்திலிருந்து எடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்குத்தான் மின்சாரம் வேண்டும். 2016 மார்ச்சில் ஒரு வாடிக்கையாளர் இதை ஆப்பிள் தலைவர் டிம் குக்கிற்கு எழுதிக் கேட்டார். மென்பொருள் பிரிவுத் தலைவர் க்ரெய்க் ஃபெடரிகி பதில் அனுப்பினார்: தான் அப்படி மூடுவதில்லை, பேட்டரிக்கு அது தேவையும் இல்லை. ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதே வாரத்தில், அப்படி மூடுவது பேட்டரியைச் சற்றே கெடுக்கவும் கூடும் என்று சொன்னார். ஐபோனில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் கையால் தள்ளிய செயலியை மறுபடி திறக்கும்வரை அதற்குப் பின்னணிப் புதுப்பிப்பு கிடைக்காது. செய்தி தாமதமாக வருகிறது என்று வருந்துபவர்களில் சிலர் அந்தத் தாமதத்தைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

பேட்டரி சேமிப்பான், போன் துப்புரவான் என்ற பெயரில் வரும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை மூடியவற்றை இயங்குதளம் மறுபடி தொடங்கும், அவை மறுபடி மூடும். இரண்டுக்கும் பேட்டரிதான் செலவு. கிளீன் மாஸ்டர் செயலியால் உலகெங்கும் அறியப்பட்ட சீட்டா மொபைல் நிறுவனத்தின் செயலிகள், 2020 பிப்ரவரியில் விளம்பர விதிமீறலுக்காகக் கூகுள் நீக்கிய சுமார் 600 செயலிகளில் அடக்கம். இன்றும் அந்த வகைச் செயலி உங்கள் போனில் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

இனி வருவது நம் ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி. இதைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை என்பது என் எண்ணம். இந்தியாவில் விற்கும் போன்களில் பெரும்பங்கு ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்ற சீன நிறுவனங்களுடையது. சீனாவில் கூகுளின் சேவைகள் இல்லை. ஆகவே எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான கூகுள் புஷ் இணைப்பும் இல்லை. ஒவ்வொரு செயலியும் தன் சொந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னணியில் உட்கார்ந்தது. ஒரே குடும்பத்துச் செயலிகள் ஒன்று மூடப்பட்டால் இன்னொன்று அதை எழுப்பிவிட்டன. போன் நிறுவனங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. திரை அணைந்ததும் கண்ணில் பட்டதை எல்லாம் கொல்லும் கடுமையான விதிகளைத் தங்கள் மென்பொருளில் எழுதின. ஆட்டோஸ்டார்ட் என்ற தனி அனுமதி பிறந்தது அப்படித்தான். இந்தச் சிக்கலைத் தீர்க்க 2017 இல் சீனாவிலேயே பொதுப் புஷ் வழிக்கான கூட்டமைப்பு ஒன்றை அமைத்தார்கள்.

அந்தக் கடுமை அந்தச் சூழலுக்கு நியாயமானது. ஆனால் கூகுள் புஷ் ஒழுங்காக வேலை செய்யும் நம் நாட்டுக்கும் அதே குணத்தோடு போன்கள் வந்து சேர்ந்தன. விளைவு, ஆண்ட்ராய்டு விதிப்படி சரியாக எழுதிய செயலியும் நடுவில் செத்துப்போகிறது. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி பேசாமல் இருந்துவிடுகிறது. நடைக்கணக்கு நடுவழியில் நின்றுவிடுகிறது. சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்கள் போனில் உள்ள செயலி வழியாகத்தான் எச்சரிக்கின்றன. இரவில் சர்க்கரை தாழ்ந்தால் எழுப்ப வேண்டிய செயலியை முழுதாக மூடிவிடாதீர்கள் என்று அவற்றைத் தயாரிப்பவர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். நாள் முழுக்க இருப்பிடம் அனுப்பியபடி உணவு கொண்டுசெல்லும் தம்பிகளுக்கு அந்தச் செயலி பத்து நிமிடம் உறங்கினால் அன்றைய வருமானத்தில் கைவைத்தது போலத்தான். வண்டிக் கைப்பிடியில் பவர் பேங்கைக் கட்டிக்கொண்டு ஓடுகிற அவர்களுக்குச் செயலியைக் கட்டுப்படுத்திச் சார்ஜைச் சேமியுங்கள் என்று அறிவுரை சொல்வது கொடுமை.

கட்டுப்பாடு மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாடே சாட்சி. கொரோனா காலத்தில் பிரிட்டன் அரசு, தொற்றாளரோடு அருகில் இருந்தவர்களைப் புளூடூத் மூலம் கண்டறியும் செயலியைச் சொந்தமாக எழுதி, 2020 மே மாதம் வைட் தீவில் சோதித்தது. ஐபோனில் செயலி பின்னணிக்குப் போனதும் உறங்கிவிடும். உறங்கும் இரண்டு ஐபோன்கள் ஒன்றையொன்று காண முடியாது. சோதனையில் ஆண்ட்ராய்டு போன்களில் 75 சதவீதத்தைக் கண்டுகொண்ட செயலி, ஐபோன்களில் 4 சதவீதத்தையே கண்டது. ஜூன் மாதம் அரசு அதைக் கைவிட்டு, ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இயங்குதளத்துக்குள்ளேயே அமைத்த வழிக்கு மாறியது. பேட்டரிக்காகவும் அந்தரங்கத்துக்காகவும் போட்ட பூட்டு, பொதுச் சுகாதாரத்தின் வாசலில் தொங்கியது. திறவுகோல் இரண்டு நிறுவனங்களின் கையில் இருந்தது.

மறுபக்கம், செயலி எழுதுபவர்களை நம்பி விட்டுவிடவும் முடியாது. 2015 அக்டோபரில் ஐபோன் பயனர்கள் பலர் பேஸ்புக் செயலி அளவுக்கு மீறிப் பேட்டரி தின்பதைக் கண்டு புகார் செய்தார்கள். பின்னணிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்தும் அது நிற்கவில்லை. நிறுவனமே ஆராய்ந்து ஒப்புக்கொண்ட காரணங்கள் இரண்டு. இணையப் பகுதியில் ஒரு நிரல் பதில் வந்ததா வந்ததா என்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வீடியோ பார்த்துவிட்டு வெளியேறிய பின்னும் ஒலிப் பகுதி மூடப்படாமல், ஓசையே இல்லாத ஒலியை வாசித்தபடி செயலியை விழிக்க வைத்தது. உலகின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்றின் செயலிக்கே இந்த நிலை.

அதனால்தான் செயலிகள் தங்கள் பின்னணி வேலையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற திசையில் ஆண்ட்ராய்டு அண்மையில் நகர்ந்திருக்கிறது. 2022 இல் ஆண்ட்ராய்டு 13, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை நோட்டிபிகேஷன் திரையிலிருந்தே பார்த்து நிறுத்தும் வசதியைத் தந்தது. 2023 இல் ஆண்ட்ராய்டு 14, தொடர்ந்து ஓட விரும்பும் செயலி எந்த வகை வேலைக்காக ஓடுகிறது என்று அறிவிக்க வேண்டும் என்றது. அந்த வேளையில் சாம்சங்கும், விதிப்படி எழுதிய, இப்படித் தொடர்ந்து ஓடும் சேவைகளைத் தன் போன்கள் இடையில் கொல்லாது என்று கூகுளோடு சேர்ந்து உறுதி தந்தது. 2025 நவம்பரில் கூகுள் அறிவித்தது இன்னும் முக்கியம்: 24 மணி நேரத்தில் உரிய காரணமின்றி மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் போனை விழிக்கவைப்பது அளவுமீறல், அடிக்கடி அப்படிச் செய்யும் செயலிகள் 2026 மார்ச் முதல் ப்ளே ஸ்டோரில் பின்தள்ளப்படலாம், அவற்றின் பக்கத்தில் எச்சரிக்கையும் வரலாம். சுமை பயனரிடமிருந்து செயலிக்காரர் தலைக்கு மாறுகிறது. இது பத்தாண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அதைக் கவனத்தோடு செய்ய வேண்டும். செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதிக்குள் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்ற பட்டியல் இருக்கிறது. பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் பல போன்கள் காட்டும். நீங்கள் நாளுக்கு ஐந்து நிமிடம் திறக்கும் செயலி பின்னணியில் மணிக்கணக்கில் ஓடியிருந்தால் அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் இரண்டு மூன்றுக்கு மேல் தேறாது. அவற்றின் லொகேஷன் அனுமதியை முதலில் பாருங்கள். எப்போதும் என்றிருப்பதைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றுவது, மற்ற எல்லா உபாயங்களையும்விட அதிகப் பலன் தரும் என்பது என் கணிப்பு. கடைகளும் கூப்பன்காரர்களும் கடன் தருபவர்களும் நாம் எங்கே நிற்கிறோம் என்று இரவு பகலாக அறிய வேண்டிய தேவை எதுவும் இல்லை. அதன் பிறகும் அடங்காத செயலியை அதன் பேட்டரி அமைப்பில் ரெஸ்ட்ரிக்டட் நிலையில் வையுங்கள். சாம்சங்கில் டீப் ஸ்லீப்பிங் பட்டியல். மாதக்கணக்கில் திறக்காததை நீக்கிவிடுவதே மேல். மற்றவற்றை ஆப்டிமைஸ்டு நிலையில் போன் பார்த்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத ஊரில் ஏரோப்ளேன் மோடு, மின்சாரம் போன நாளில் பேட்டரி சேவர், இவை போதும்.

அதே நேரத்தில், உங்களுக்கோ வீட்டில் பெரியவர்களுக்கோ இன்றியமையாத செயலிகள் எவை என்றும் யோசித்துப் பாருங்கள். சர்க்கரை அளவு, மாத்திரை நேரம், தொழிலுக்கான செயலி, வெளிநாட்டுப் பிள்ளை கூப்பிடும் செயலி. அவற்றுக்கு அன்ரெஸ்ட்ரிக்டட் நிலையையும், சீன நிறுவனப் போனாக இருந்தால் ஆட்டோஸ்டார்ட் அனுமதியையும் கொடுத்துவிடுங்கள். அம்மாவின் போனை வாங்கி எல்லாவற்றையும் க்ளியர் செய்து தரும் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் கோடிக்கணக்கில் போன் விற்கும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்ட்ராய்டின் பொது விதிகளுக்கு மேலே நீங்கள் தனியாக எழுதிவைத்திருக்கும் விதிகள் என்னென்ன என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு செயலியை உங்கள் மென்பொருள் நிறுத்தும்போது, எதை நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம், எப்படித் திரும்ப அனுமதிப்பது என்பதைப் போன் வைத்திருப்பவருக்கு அவர் மொழியில், திரையிலேயே தெரிவியுங்கள். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை போனுக்குப் பணம் கொடுத்தவருக்கு உண்டு.